ஜெபா வடிகட்டிய தண்ணீர்

எங்கள் காலனியில் துணி துவைக்கிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். துணியைத் தண்ணீருக்குக் காட்டிவிட்டுக் கொடியில் போடுகிறவர்கள் ஒரு வகை. நான் அந்த வகை. ஜெபா இன்னொரு வகை. அந்த வகையில் அவள் ஒருத்திதான்.

புருஷன் சாம்சனின் கம்பெனி யூனிபாரத்தை அவள் துவைப்பதைப் பார்த்தால், சட்டை ஏதோ தப்புத்தண்டா செய்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டது போல இருக்கும். முதலில் ஊறப்போடுவாள். பிறகு பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். கல்லில் நாலு சாத்து சாத்துவாள். அலசி, பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, திருப்தி வராவிட்டால் மறுபடியும் கல்லுக்கே கொண்டுபோவாள். சாம்சன் வேலை பார்ப்பது பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற கம்பெனி. ஷிப்ட் முடிந்து வரும்போது ஆளுக்கும் சட்டைக்கும் ஒரே நிறம், சாம்பல் நிறம். அங்கே குளிக்க ஒரு ரூம் உண்டு, அதில் தண்ணீர் வருவதுதான் கிடையாது. அதனால் போட்ட உடுப்போடு வீட்டுக்கு வந்துவிடுவான். மறுநாள் அதே சட்டை இஸ்திரி போட்டு மொடமொடவென்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும். "இன்னா தம்பி, மேனேஜர் ஆயிட்டியா?" என்று நான் கேட்பேன். வெட்கப்பட்டுச் சிரிப்பான்.

நான் சாராள். ஜெபாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஜனங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். எங்கள் அம்மாக்கள் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டார்கள், நாங்கள் அடுத்தவன் கம்பெனியில் தரை துடைக்கிறோம். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். குனிந்து குனிந்தே எங்கள் அம்மாவுக்கு முதுகு நிமிராமல் போயிற்று. நல்ல காலம் என்று ஒன்று எங்களுக்கு வந்ததும் இல்லை, போனதும் இல்லை.

ஜெபாவுக்கு ஒரே பெண் சோனியா. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, வேண்டிக்கொண்டு, உபவாசம் இருந்து பெற்ற பிள்ளை. வாய் ஓயாமல் பேசும். அங்கன்வாடிக்குப் போகும்போதே எழுத்தெல்லாம் தெரியும், எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அதன் கிறுக்கல்தான். அந்தப் பிள்ளைக்கு அங்கன்வாடிக்கு வரும் நர்ஸம்மா விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு, "ரொம்ப கம்மியா இருக்கேம்மா. கீரை குடு, முருங்கைக்கீரை குடு. ரத்தம் ஏறணும், இல்லன்னா படிப்பு மண்டைல ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஜெபாவுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லாமல் போயிற்று. சோனியாவுக்கு ரத்தம் ஏற வேண்டும். எழுந்தால் அந்தப் பேச்சு, உட்கார்ந்தால் அந்தப் பேச்சு.

"மார்க்கெட்டு கீரை வாடி வதங்கி வருதுக்கா. நானே பின்னால பாத்தி கட்டிப் போட்டா இன்னா?"

"தண்ணிக்கு? உங்க நைனா வந்து மேகத்தப் புழிஞ்சு ஊத்துவாரா?" என்றேன்.

கேலிக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். கைபம்பில் வருவது மஞ்சள் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. பஞ்சாயத்துக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், குடத்துக்கும் வாளிக்குமே சரியாக இருக்கும். குடிப்பதற்குக் கேன். இதில் கீரைக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் வந்தது. அதன் சார்பாக வந்த பெண் பெயர் காயத்ரி. ஒல்லியான பெண், நல்ல பெண், வெயிலைப் பற்றிக் கவலைப்படாமல் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சர்ச் வாசலில் எங்களை உட்கார வைத்துப் பேசினாள்.

"குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி, துணி துவைக்கிற தண்ணி, இதெல்லாம் தினமும் எவ்வளவு வீணாப் போகுது தெரியுமாம்மா?"

"வீணா எங்க மேடம் போவுது? எங்க வாசல்லயேதான் நிக்குது, கொசுவோட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கேட்ட வீடுகளுக்கு நீல டிரம் கொடுத்தாள். அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் அடுப்புக்கரி, அதன்மேல் மணல். வாயில் கொசுவலை கட்ட வேண்டும், பருக்கையும் முடியும் அதில் நின்றுவிடும். மேலே ஊற்றினால் கீழே குழாய் வழியாகத் தெளிந்து வரும். வரும் வழியில் கல்வாழை நட்டால் சோப்பையும் அது குடித்துக்கொள்ளும். கூடாதவற்றையும் சொன்னாள். கக்கூஸ் தண்ணீர் கூடாது. பிளீச்சிங் பவுடர், பினாயில், ஆசிட் கூடாது. வடிந்ததைத் தேக்கி வைக்கக் கூடாது, நாறிவிடும். வேரில்தான் ஊற்ற வேண்டும், இலையில் படக் கூடாது. பச்சையாகத் தின்பவற்றுக்கு வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடுவதற்கு ஊற்றலாம்.

டிரம் வாங்கியவர்களில் பாதிப்பேர் அதில் அரிசி கொட்டி வைத்தார்கள். ஜெபாவோ காயத்ரி சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தாள். மேல் மணலை வாராவாரம் சுரண்டி அலசிப் போட்டாள். எண்ணெய்ச் சட்டியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கழுவினாள். பின்கட்டில் சிறுகீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று பாத்தி பாத்தியாக வந்தது. முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டாள், அது பிடித்துக்கொண்டது. இரண்டு வாழையும் நின்றன. எனக்கே கொஞ்சம் வயிறு எரிந்தது.

யூனிபாரம் துவைத்த தண்ணீரை மட்டும் அவள் ஆரம்பத்தில் டிரம்மில் விடவில்லை. கரியாக இருக்கிறது, மணல் அடைத்துக்கொள்ளும் என்று தெருக் கால்வாயில்தான் கொட்டிக்கொண்டிருந்தாள். அதை மாற்றியது ஒரு கைதட்டல்.

டிரம்முக்குப் பணம் கொடுத்த வேறொரு கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் காரில் வந்தார்கள். சர்ச் வாசலில் ஒரு டிரம்மை வைத்து எங்கள் பெண்கள் ஆளாளுக்கு அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள். அரிசி கழுவிய தண்ணீர், சொம்பு கழுவிய தண்ணீர். வந்த சார்கள் கொட்டாவி விட்டார்கள். ஜெபாவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மை கரைத்தது மாதிரி இருந்தது.

"இது இன்னா தண்ணி தெரியுமா சார்? எங்க ஊட்டுக்காரு கம்பெனி யூனிபாரம் அலசுன தண்ணி. இதவிட அழுக்கு இந்தக் காலனிலயே கிடையாது. பாத்துக்கினே இருங்க."

ஊற்றினாள். எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சொட்டாக, பிறகு நூலாக, தண்ணீர் வந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். பின்னால் நின்ற சர்ச் சுவர் அதில் தெரிந்தது. சார்கள் கைதட்டினார்கள். காயத்ரி வீடியோ எடுத்தாள். "குடிக்கலாம் போல இருக்கே!" என்றார் ஒருவர். ஜெபாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் யூனிபாரம் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கால்வாய்க்குப் போகவில்லை. ஊறப்போட்டது, தேய்த்தது, முதல் அலசல், கடைசி அலசல் எல்லாம் டிரம்முக்கு, டிரம்மிலிருந்து கீரைக்கு. வீட்டிலேயே தாராளமாகத் தண்ணீர் செலவாகும் துணி அதுதான். அவளைப் பொறுத்தவரை சாம்சன் தினமும் வேலையிலிருந்து கீரைக்குத் தண்ணீர் கொண்டு வந்தான்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலில் முதல் பலனைக் கர்த்தருக்குக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டு சர்ச்சுக்குச் சேர்ப்பது வழக்கம். எங்களுக்கு ஏது விளைச்சல்? மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கி, துடைத்து, பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஒரு வருஷம் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள்கூட வந்தது. கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வருஷம் ஜெபா ஒரு கூடை நிறையக் கீரையும், முருங்கைக்காயும், ஒரு வாழைத்தாரும் கொண்டுவந்து வைத்தாள். சர்ச் செக்ரட்டரி எட்வர்டு ஏலம் விடும்போது கீரைக்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "நம்ம காலனி மண்ணுல வெளஞ்சது! நம்ம ஜெபா வெளைய வச்சது!" என்று கத்தினார். போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள்தான் விடாமல் ஏற்றினார்கள். எனக்கு ஒரு கட்டு அரைக்கீரை கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் எந்தப் பிள்ளைக்காக இவ்வளவும் நடந்ததோ, அந்தப் பிள்ளைக்குக் கீரை பிடிக்கவில்லை. வாயில் வைத்தால் துப்பும். ஜெபா நெய் விட்டுப் பார்த்தாள், முட்டையில் போட்டுப் பார்த்தாள், கதை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஊட்ட ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"முழுங்குடி! துப்பின, கொன்னுடுவேன். ரத்தம் ஊற வேணாமா உனக்கு?"

"வேணாம்மா, கசக்குதும்மா. வவுறு வலிக்குதும்மா."

"சாப்புடாம இருக்கறதாலதான் வலிக்குது. தொற வாய!"

வயிற்று வலி என்று பிள்ளை பொய் சொல்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிறகு பொய் இல்லை என்று தெரிந்தது. வெளிக்குப் போக முடியாமல் வயிறு இறுகிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பி, பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், கேட்டதற்குப் பதில் இல்லை, தெரிந்த எழுத்தையும் மறக்கிறாள் என்றார். வாய் ஓயாமல் பேசின பிள்ளை. என் வீட்டுச் சுவரில் அது கடைசியாக எப்போது கிறுக்கியது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

நர்ஸம்மா மறுபடி ரத்தம் பார்த்தார். முன்பைவிடக் குறைந்திருந்தது.

"கீரை குடுக்குறியா, இல்ல சும்மா சொல்றியா?" என்று கேட்டுவிட்டார்.

ஜெபா அழுதுகொண்டே வந்தாள். "என்னப் பாத்து இப்டிக் கேட்டுட்டாங்களேக்கா. என் பின்கட்ட வந்து பாக்கச் சொல்லுக்கா." அன்றிலிருந்து காலையும் கீரை, மாலையும் கீரை. பாத்திக்கு இன்னும் அதிகமாகத் தண்ணீர் விட்டாள். சனிக்கிழமைகளில் சாம்சனின் கூட்டாளி ஒருத்தனின் யூனிபாரத்தையும் வாங்கி வந்து துவைத்தாள். அவன் தனியாள், துவைக்க ஆள் இல்லை. அவனுக்கு உபகாரம், கீரைக்குத் தண்ணீர்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போதே சோனியா வாந்தி எடுத்து விழுந்தாள். கைகால் இழுத்துக்கொண்டது. இங்கே பார்க்க முடியாது என்று சென்னைக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், பிறகு கேட்டார்.

"அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"பேட்டரி கம்பெனி மேடம். உருக்குற எடத்துல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேலைக்குப் போட்டுட்டுப் போற துணிய எங்க துவைக்கிறீங்க?"

"ஊட்லதான் மேடம். நான்தான் துவைப்பேன். நல்லா துவைப்பேன்." அதைச் சொல்லும்போதும் அவள் குரலில் பெருமை இருந்தது.

ரத்தத்தை வெளியே அனுப்பிப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, நிறைய ஏறியிருக்கிறது. ஈயம் ரத்தத்தை ஊற விடாது. வயிற்றைப் பிடிக்கும், எலும்பில் போய் உட்காரும், பிள்ளைகளுக்கு மூளையைத் தொடும்.

"போயிடுமா மேடம்?"

"ரத்தத்துல இருக்கிறது மருந்துல கொஞ்சம் கொஞ்சமா குறையும். ஆனா மேல மேல சேரக் கூடாது. மூளைல போனது திரும்பி வருமான்னு கேட்டா, வரும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ஜெபா, "துவைச்ச தண்ணிய கீரைக்கு ஊத்துனேன் மேடம். அப்டியே ஊத்தல. பில்டர்ல வுட்டு, தெளிய வச்சுதான் ஊத்துனேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளையே பார்த்தார். "தெளிஞ்சிருந்தா ஈயம் இல்லன்னு ஆயிடாதும்மா. கண்ணுக்குத் தெரியாம கலந்திருக்கும். மண்ணுல சேரும், கீரைல ஏறும்." உடனே, அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறி, "கீரை மட்டும் இல்லம்மா. துணில இருந்து உதிர்ற தூசி, வீட்டுத் தரை, அப்பா வந்ததும் பிள்ள ஓடிப் போய் கட்டிப் பிடிக்கிறது, எல்லாம் சேர்ந்துதான். எதுல எவ்வளவு வந்துச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

நான் அதை நன்றாகக் கேட்டேன். ஜெபா கேட்கவில்லை. அவளுக்குக் கீரை என்ற சொல்லோடு காது அடைத்துப் போயிற்று.

சாம்சன் கம்பெனியில் போய்க் கேட்டான். வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னான், துணியையாவது அங்கேயே துவைத்துக் கொடுக்கச் சொன்னான். அவன் காண்டிராக்ட் ஆள். "உனக்கு வேணாம்னா சொல்லு, ரயில்ல வந்து எறங்குன வடநாட்டுப் பசங்க கேட்ல நிக்கிறாங்க" என்று சூப்பர்வைசர் சொன்னானாம். லீவு போட்டுக் காக்களூர் தொழிற்பேட்டை வரைக்கும் போய் வேலை தேடினான். நாற்பது தாண்டியவனை வேண்டாம் என்றார்கள். திரும்பவும் அதே உருக்குகிற இடத்துக்குத்தான் போனான். அவன் போகாவிட்டால் மருந்துக்கு யார் கொடுப்பார்கள்? அந்த வேலையால் வந்த வியாதிக்கு அந்த வேலையேதான் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த லட்சணத்தில் இருக்கிறது எங்கள் பிழைப்பு.

"நீயும் ரத்தம் பாரு தம்பி" என்றேன்.

"வேணாம்க்கா. பாத்தா பயம் வரும். பயம் வந்தா வேலைக்கிப் போவ முடியாது."

ஈயம் மேலே சேராமல் இருக்கட்டும் என்று சோனியாவைச் செவ்வாப்பேட்டையில் இருக்கிற ஜெபாவின் அக்கா விக்டோரியா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒண்டப் போகிற இடத்துக்குப் பெரிய மனுஷிபோலப் பிள்ளை அழாமல் கிளம்பிப் போயிற்று. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

காயத்ரி விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். டிரம் பக்கத்தில் நின்று அழுதாள். "கம்பெனித் துணி இருக்கான்னு கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணவே இல்லக்கா." எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் அந்த பேட்டரி கம்பெனியிலேயே வேலை பார்க்கும் ஆம்பிளைகள் பாதி வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தோன்றவில்லை. யாரைப் போய்க் கேட்பது? டிரம்மில் இருக்கிற மணலும் கரியும் ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாத்தி மண்ணிலும் இருக்கும், கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, எடுத்துப் போவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டாள். ஒரு வீட்டு டிரம்முக்காக யாரும் வர மாட்டார்களாம். தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், பின்கட்டில் அப்படியே நிற்கிறது.

ஜெபா கீரையை வேரோடு பிடுங்கினாள். வாழையைச் சாய்த்தாள். முருங்கையை அடியில் வெட்டினாள். முருங்கைதான் அடங்கவில்லை, வெட்டின இடத்தில் துளிர்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் போய்த் துளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு வருவாள். யூனிபாரம் தண்ணீர் பழையபடி தெருக் கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் ஏரிக்குப் போகிறது. ஏரித் தண்ணீரில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் நெல் போடுகிறார்கள். "வேற எங்கக்கா ஊத்துறது?" என்று அவள் கேட்டாள்.

இதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. ஏலத்தில் கீரை எடுத்த வீடுகள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. ஒவ்வொரு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு ரத்தம் பாருங்கள் என்று வாசலில் நின்று சொன்னாள். முதல் வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அடுத்தடுத்த வீடுகளில் அதுவும் இல்லை.

"கர்த்தருக்குப் படைச்சத டப்பு குடுத்து எடுத்தோம். வெசத்தயா வச்ச?" என்று ஒருத்தி கேட்டாள்.

எட்வர்டின் மகன் அதே பேட்டரி கம்பெனியில் இருக்கிறான். அவர் அவளை சர்ச்சுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். "இத பாரும்மா, உன் ஊட்டு கஷ்டம், ஜெபம் பண்றோம். ஆனா இத்த ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத. பேப்பர்ல வந்துச்சுன்னா கம்பெனிய இழுத்து மூடிட்டுப் பூடுவான். அப்றம் காலனில பாதி ஊட்ல ஒல வைக்க முடியாது."

ஒருவரும் ரத்தம் பார்க்கப் போகவில்லை. பார்த்து, இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? நானும் அந்தக் கீரையைத் தின்றவள்தான். எனக்கு இந்த வயசில் ஈயம் ஏறினால் என்ன, பித்தளை ஏறினால் என்ன. பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போதுதான் இவனுக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று மனசு கேட்கிறது. வயிறு வலிக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் தாய்க்காரி அதட்டி வாயை மூட வைக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெபாவோடு செவ்வாப்பேட்டைக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் போய்ச் சேரும்போது மத்தியானம். மருந்தில் ஈயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அந்தத் தெம்பில் பிஸ்கட், ரிப்பன் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது சோனியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வரவில்லை. குனிந்து வேகவேகமாக அள்ளி அள்ளித் தின்றாள். தின்று முடித்து, தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஜெபாவிடம் காட்டினாள்.

"பாரும்மா. எல்லாக் கீரையும் துன்ட்டேன். ஒரு வாய்கூடத் துப்பல. பெரியம்மாவக் கேளு. இப்ப ஊட்டுக்கு வரலாமா?"

விக்டோரியா பின்னால் நின்றுகொண்டு, "தெனமும் இப்டித்தான்டி, கீரை குடு கீரை குடுன்னு கேட்டு வாங்கித் துன்றா. நல்ல புத்தி வந்துடுச்சேன்னு நான் நெனச்சேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீரையைத் துப்பியதற்காகத்தான் தன்னை வீட்டை விட்டு அனுப்பினார்கள் என்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜெபா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். எதைச் சொல்லி அந்தப் பிள்ளைக்குப் புரிய வைப்பது? வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போக முடியாது. சாம்சன் சாயங்காலம் சாம்பல் நிறத்தில்தான் வருவான். ரிப்பனைக் கட்டிவிட்டு, முத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பினாள். பிள்ளை அழவில்லை. "இன்னும் நெறய துன்னணுமாம்மா?" என்று மட்டும் கேட்டது.

திரும்பி வரும்போது பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்காக நின்றோம்.

"அவ துப்புனாக்கா" என்றாள் ஜெபா. "ஒவ்வொரு வாட்டியும் துப்புனா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. நான்தான் தொடைல கிள்ளி, வாயப் பொத்தி முழுங்க வச்சேன்."

தூசியும் சேர்ந்துதான் என்று டாக்டரம்மா சொன்னாரே, மறந்துவிட்டாயா என்றேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ரயில் வந்து நின்றது. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஏறுக்கா சீக்கிரம். யூனிபாரம் ஊறிக்கினு கீது, போய் அலசணும்" என்றாள்.